பிரித்து அடுக்கிய நாற்காலி: உலக அறைகலன் தொழிலின் இடப்பெயர்வும் எதிர்காலப் போக்கும்

ஆய்வுச் சுருக்கம்

உலக அறைகலன் தொழிலின் வரலாறு பெரும்பாலும் வடிவமைப்பின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. இக்கட்டுரை அதனை மரம், உழைப்பு, சரக்குப் போக்குவரத்து ஆகிய மூன்றின் வரலாறாக அணுகுகிறது. 1859ஆம் ஆண்டில் வெளிவந்த தோனெட் நிறுவனத்தின் 14ஆம் எண் நாற்காலி தொடங்கி, அமெரிக்க அறைகலன் நகரங்கள், ஐக்கியாவின் தட்டைப் பெட்டி முறை, மலேசிய ரப்பர் மரத் தொழில், சீன-வியட்நாம் ஏற்றுமதி ஆகியவற்றின் வழியே இத்தொழில் நகர்ந்த பாதையை ஆராய்கிறது. உற்பத்தி மலிவான உழைப்பைத் தேடி இடம்பெயர்வது உலகமயத்தின் புதிய விளைவன்று. இத்தொழில் நவீன வடிவம் பெற்ற நாளிலிருந்தே அதனுள் இருக்கும் இயல்பு என்பது இக்கட்டுரையின் முடிபாகும்.

திறவுச்சொற்கள்: அறைகலன், வளைமரம், தட்டைப் பெட்டி, துகள்பலகை, ரப்பர் மரம், தோட்டத் தொழிலாளர்.

முன்னுரை

தமிழில் அறைகலன்களைக் குறிக்கும் சொற்களே ஒரு வணிக வரலாற்றைச் சுமந்து நிற்கின்றன. கட்டில் என்பது சங்க இலக்கியத்திலேயே வழங்கும் சொல். மேசையும் அலமாரியும் போர்த்துக்கீசியச் சொற்களின் வழிவந்தவை. ஈழத்தில் வழங்கும் கதிரை என்பதும் அம்மொழியிலிருந்து பெறப்பட்டதே. கடல்வழி வந்த பொருள்கள் தம் பெயரையும் உடன்கொண்டு வந்தன. எனினும் அக்காலத்தில் அறைகலன் பெருமளவில் ஏற்றுமதியாகும் சரக்காக இருக்கவில்லை. அது கனமானது, கப்பலில் மிகுந்த இடத்தை அடைப்பது, உள்ளூர்த் தச்சரால் எளிதில் செய்யப்படக் கூடியது. அத்தகைய பொருள் எவ்வாறு உலகச் சந்தைச் சரக்காயிற்று என்பதே இக்கட்டுரை எழுப்பும் முதல் வினா. அம்மாற்றத்தின் சுமையை யார் ஏற்றனர் என்பது இரண்டாம் வினா.

1. தோனெட்டும் வளைமரமும்

மைக்கேல் தோனெட் 1796இல் ரைன் ஆற்றங்கரையிலுள்ள பொப்பார்டு என்னும் ஊரில் பிறந்தவர். 1830களில் மெல்லிய மரப்பட்டைகளைப் பசையிட்டு ஒட்டி வளைக்கும் முறையைச் சோதித்தார். ஆஸ்திரிய அரசியல் தலைவர் மெட்டர்னிக்கின் ஆதரவைப் பெற்று 1842இல் வியன்னாவுக்குப் பெயர்ந்தார். 1853இல் நிறுவனம் அவருடைய புதல்வர்களின் பெயருக்கு மாற்றப்பட்டது.

பசையிட்டு ஒட்டிய மரத்திற்கு ஒரு குறை இருந்தது. ஈரமும் வெப்பமும் மிகுந்த நாடுகளுக்குக் கப்பலில் அனுப்பப்பட்டபோது பசை இளகி ஒட்டு விட்டுப்போயிற்று. ஆகவே முழுமரத்தையே வளைக்கும் முறை தேவைப்பட்டது. பீச் மரக் கழிகளை நீராவியில் வேகவைத்து, வெளிவளைவின் மேல் ஓர் இரும்புப் பட்டையை இறுகப் பிணைத்து, வார்ப்பிரும்பு அச்சில் வளைத்து உலர்த்துவது அம்முறை. வளைக்கும்போது மரத்தின் வெளிப்புறம் இழுபட்டுப் பிளவுறும். இரும்புப் பட்டை அந்நீட்சியைத் தடுப்பதால் மரம் உட்புறமாக நெருக்குண்டு, பிளவுறாமல் வளைகிறது. இதற்கான தனியுரிமம் 1856இல் கிடைத்தது. ஆக, தொழில்நுட்பம் முதலில் தோன்றி ஏற்றுமதி பின்னர் வந்தது என்ற வழக்கமான விளக்கம் இங்குப் பொருந்தவில்லை. தொலைதூரச் சந்தையின் தேவையே தொழில்நுட்பத்தைத் திருத்தியது.

இதே காலப்பகுதியில் நிறுவனம் வியன்னாவை விட்டு மொராவியாவிலுள்ள கோரிச்சானில் தன் முதல் பெருந்தொழிற்சாலையை அமைத்தது. அங்கே பீச் காடுகள் இருந்தன. அதனினும் முதன்மையாக, தச்சுப் பயிற்சி இல்லாத, குறைந்த கூலிக்குக் கிடைக்கும் கிராமத்து மக்கள் இருந்தனர். வேலை சிறுசிறு செயல்களாகப் பகுக்கப்பட்டமையால் தேர்ந்த தச்சரின் தேவை குறைந்தது. பிரம்பு பின்னுதல், மெருகேற்றுதல் போன்ற வேலைகளைப் பெண்கள் செய்தனர்.

1859இல் வெளிவந்த 14ஆம் எண் நாற்காலி இவ்வமைப்பின் முழுமையான விளைவாகும். ஆறு மரத்துண்டுகள், பத்துத் திருகாணிகள், இரண்டு மரைகள் ஆகியவையே அதன் உறுப்புகள். பிரித்து அடுக்கினால் ஒரு கன மீட்டர் பெட்டிக்குள் 36 நாற்காலிகள் அடங்கின. சென்று சேருமிடத்தில் அவை பூட்டப்பட்டன. 1930ஆம் ஆண்டுக்குள் ஏறத்தாழ 5 கோடி நாற்காலிகள் விற்பனையாயின. அறைகலன் உலகச் சந்தைச் சரக்கானதற்கு அதன் அழகைவிட, அது பெட்டிக்குள் அடங்கிய விதமே முதற்காரணம். 1869இல் தனியுரிமம் முடிவுற்றதும் யாக்கோப் அண்ட் யோசப் கோன் உள்ளிட்ட போட்டி நிறுவனங்கள் அதே முறையைப் பின்பற்றின.

2. அறைகலன் நகரங்களும் கூலிப் போராட்டமும்

அமெரிக்காவில் இத்தொழில் மிச்சிகன் மாநிலத்துக் கிராண்டு ரேப்பிட்ஸ் நகரில் குவிந்தது. 1876ஆம் ஆண்டின் பிலடெல்பியா பொருட்காட்சிக்குப் பின் அந்நகரம் 'அறைகலன் நகரம்' எனப் புகழ்பெற்றது. 1911 ஏப்ரலில் அங்கு ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். ஒன்பது மணி நேர வேலை, பத்து விழுக்காடு கூலி உயர்வு, துண்டுக்கூலி முறை ஒழிப்பு ஆகியன அவர்களின் கோரிக்கைகள். ஏறக்குறைய நான்கு மாதங்கள் நீடித்த அப்போராட்டம் தொழிலாளர் கோரிய உடன்பாடு எதுவுமின்றி முடிவுற்றது.

பின்வந்த பத்தாண்டுகளில் அமெரிக்க அறைகலன் உற்பத்தியின் மையம் தெற்கே, வட கரோலினாவின் ஹை பாயிண்ட் பகுதிக்கு நகர்ந்தது. அங்கே கடினமரக் காடுகளும் இருப்புப்பாதையும் குறைந்த கூலியும் இருந்தன. 1909 முதல் அந்நகரில் அறைகலன் வணிகச் சந்தை நடந்து வருகிறது. கோரிச்சானில் கண்ட அதே காரணங்கள் இங்கும் செயற்பட்டமை கருதத்தக்கது. தென்மாநிலங்கள் பின்னாளில் ஆசியாவிடம் இழந்தவை, அவை முன்னர் வடக்கிடமிருந்து பெற்றவையே.

3. தட்டைப் பெட்டியும் வாங்குபவரின் உழைப்பும்

இங்வார் காம்ப்ராட் 1943இல் சுவீடனில் தொடங்கிய ஐக்கியா நிறுவனம் 1948 முதல் அறைகலன்களை விற்றது. 1950களின் நடுப்பகுதியில், ஒரு மேசையை வண்டியில் ஏற்ற இயலாதபோது அதன் கால்களைக் கழற்றிய நிகழ்விலிருந்து தட்டைப் பெட்டி முறை உருவானதாக அந்நிறுவனம் கூறிவருகிறது. தோனெட்டின் பெட்டியோடு ஒப்பிடும்போது இதனை முற்றிலும் புதியது எனல் இயலாது. எனினும் ஒரு வேறுபாடு உண்டு. தோனெட்டின் நாற்காலிகளைப் பெரும்பாலும் வணிகரே பூட்டி விற்றனர். ஐக்கியா முறையில் அவ்வேலையை வாங்குபவர் கூலியின்றித் தம் வீட்டில் செய்கிறார். விலைக்குறைப்பின் ஒரு பகுதி, உழைப்பு இடம்மாறியதன் விளைவாகும்.

குறைந்த விலையை எதிர்த்துச் சுவீடன் உற்பத்தியாளர்கள் புறக்கணித்தபோது, 1961 முதல் ஐக்கியா போலந்தின் தொழிற்சாலைகளை நாடியது. 14ஆம் எண் நாற்காலியின் சாயலுடைய அதன் ஓக்லா நாற்காலி போலந்தில் வளைமரத்தால் செய்யப்பட்டது. ஒரு நூற்றாண்டுக்குப் பின்னும் அதே வடிவம், அதே பிராந்தியம், அதே கூலிக் கணக்கு தொடர்ந்தன. இத்தேடலுக்கு இருண்ட பக்கமும் உண்டு. கிழக்கு ஜெர்மனியில் அரசியல் கைதிகளின் கட்டாய உழைப்பு தன் பொருள்களில் பயன்பட்டதை, 2012இல் வெளியான எர்ன்ஸ்ட் அண்ட் யங் ஆய்வறிக்கைக்குப் பின் ஐக்கியா ஏற்று வருத்தம் தெரிவித்தது. 2024இல் பாதிக்கப்பட்டோருக்கான நிதிக்கு 60 இலட்சம் யூரோ வழங்க ஒப்புக்கொண்டது.

பெட்டி மாறியதோடு பொருளும் மாறிற்று. 1930களில் ஜெர்மனியில் மாக்ஸ் ஹிம்மெல்ஹேபர் உருவாக்கிய துகள்பலகை, மரக்கழிவைப் பசையிட்டு அழுத்திப் பலகையாக்கியது. இதனால் மரத்தின் வீணடிப்பு குறைந்தது, விலையும் தாழ்ந்தது. ஆனால் துகள்பலகையில் ஒருமுறை பிடிப்பு விட்ட திருகாணி மீண்டும் இறுகுவதில்லை. ஈரம் பட்டால் பலகை ஊதுகிறது. ஆகவே செப்பனிடுதல் என்பது இத்தொழிலிலிருந்து மெல்ல மறைந்தது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் கணக்கின்படி, அந்நாட்டில் குப்பைக்குச் சென்ற அறைகலன்கள் 1960இல் சுமார் 22 இலட்சம் டன். 2018இல் சுமார் 1 கோடியே 21 இலட்சம் டன். அவற்றுள் ஐந்தில் நான்கு பங்கு நிலத்தில் புதைக்கப்பட்டது.

4. ரப்பர் மரம்: தோட்டத்திலிருந்து தொழிற்சாலைக்கு

ஆசியாவுக்கு இத்தொழில் பெயர்ந்த வரலாற்றில் தமிழரோடு நேரடித் தொடர்புடைய இயல் ஒன்று உண்டு. 1876இல் பிரேசிலிலிருந்து இலண்டனின் கியூ தோட்டத்திற்குக் கொண்டுவரப்பட்ட ரப்பர் விதைகளின் நாற்றுகள் இலங்கைக்கும் சிங்கப்பூருக்கும் அனுப்பப்பட்டன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவில் பெருகிய தோட்டங்களில் காடு திருத்தியவர்களும் கன்று நட்டவர்களும் பால் வெட்டியவர்களும் பெருமளவில் கங்காணி முறையில் சென்ற தமிழர்கள்.

ரப்பர் மரம் 25 முதல் 30 ஆண்டுகளில் பால் வற்றி வெட்டப்படும். அம்மரத்தில் மாவுச்சத்து மிகுதியாதலால் பூஞ்சையும் துளைப்பான் வண்டும் விரைவில் தாக்கும். எனவே நெடுங்காலம் அது விறகாகவே எரிக்கப்பட்டது. போரான் உப்புக் கரைசலை அழுத்தத்தில் ஏற்றிச் சூளையில் உலர்த்தும் முறை நிலைபெற்றபின், 1980களில் அது ஏற்றுமதி அறைகலனுக்குரிய மூலப்பொருளாயிற்று. ஜொகூர் மாநிலத்து மூவார் இத்தொழிலின் முதன்மை மையமாக வளர்ந்தது.

இம்மரத்தின் பயன் யாரைச் சேர்ந்தது? 1950களின் பிற்பகுதியில் பிரித்தானியருடைய தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது தொழிலாளர்கள் வேலையும் குடியிருப்பும் இழந்தனர். அதற்கு எதிர்வினையாகவே வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்து, தொழிலாளரின் சிறுபங்குகளால் தோட்டங்களை வாங்கினார். எனினும் 1980களிலும் 1990களிலும் ரப்பர்த் தோட்டங்கள் எண்ணெய்ப் பனைக்கும் வீட்டுமனைகளுக்கும் மாறியபோது, தோட்டத் தமிழர் பலர் நகர்ப்புற விளிம்புகளுக்குப் பெயர நேர்ந்தது. அவ்வாறு வெட்டப்பட்ட மரங்களும் அறைகலன் தொழிலுக்கு உணவாயின. ரப்பர் மர அறைகலன் 'கழிவிலிருந்து பிறந்த பசுமைப் பொருள்' எனச் சந்தைப்படுத்தப்படுகிறது. மரத்தைப் பொறுத்தவரை அது உண்மை. அம்மரத்தை நட்டு வளர்த்த உழைப்பு அந்த விளக்கத்தில் இடம்பெறுவதில்லை. இன்று அத்தொழிற்சாலைகளில் நேபாளம், வங்காளதேசம் முதலிய நாடுகளிலிருந்து வந்த ஒப்பந்தத் தொழிலாளர்கள் பணிபுரிகின்றனர். தோட்டம் பரப்பு இழக்க மரத்தட்டுப்பாடு தோன்றியது. 2017இல் அறுத்த ரப்பர் மரத்தின் ஏற்றுமதிக்கு மலேசியா தடை விதித்தது.

5. சீனா, வியட்நாம், வரித்தடைகள்

1998ஆம் ஆண்டின் யாங்சே பெருவெள்ளத்திற்குப் பின் சீனா தன் இயற்கைக் காடுகளில் மரம் வெட்டுவதைக் கட்டுப்படுத்தியது. 2001இல் உலக வணிக அமைப்பில் சேர்ந்தது. உள்நாட்டு மரம் சுருங்கிய அதே வேளையில் ஏற்றுமதி வாயில் விரிந்தது. விளைவாக, இரஷ்யா முதலிய நாடுகளின் மரம் சீனாவுக்குச் சென்று அறைகலனாகி மேற்கு நோக்கிப் பயணித்தது. 2005இல் அமெரிக்கா சீனப் படுக்கையறை மர அறைகலன்கள்மீது பொருள்குவிப்புத் தடுப்பு வரி விதித்தது. உற்பத்தியின் ஒரு பகுதி அமெரிக்காவுக்குத் திரும்பவில்லை, வியட்நாமுக்குச் சென்றது. 2018இல் தொடங்கிய வரிப்போர் அப்போக்கை விரைவுபடுத்தியது. வரித்தடை தொழிலை மீட்பதில்லை, அடுத்த நாட்டுக்கு நகர்த்துகிறது என்பதற்கு இது சான்று.

6. எதிர்காலப் போக்கு

இனி வரும் மாற்றத்தை இரு விசைகள் தீர்மானிக்கும். முதலாவது, மரத்தின் பிறப்பிடம் பற்றிய சட்டம். அமெரிக்கா 2008இல் லேசி சட்டத்தைத் திருத்திச் சட்டவிரோத மரத்தைத் தடைசெய்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் இயற்றிய காடழிப்புத் தடுப்பு ஒழுங்குமுறை, 2020 டிசம்பர் 31க்குப் பின் காடழித்த நிலத்தில் விளைந்த மரம், ரப்பர் முதலியவற்றை விலக்குகிறது. மரம் வளர்ந்த நிலத்தின் புவியமைவிடத்தைத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. அது நடைமுறைக்கு வரும் நாள் தள்ளிவைக்கப்பட்டமை, இதன் சுமை எத்தகையது என்பதை உணர்த்துகிறது. பெருநிறுவனத்திற்கு இது ஒரு கணக்குவேலை. சில ஏக்கர் ரப்பர் வைத்திருக்கும் சிறு உழவருக்கோ சந்தையையே இழக்கும் அச்சம்.

இரண்டாவது, பொருளின் ஆயுள். ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் நடைமுறைப்படுத்திய சூழல்நேய வடிவமைப்பு ஒழுங்குமுறை, செப்பனிடத்தக்க, நீடித்துழைக்கும் பொருள்களைக் கோருகிறது. அதன் முன்னுரிமைப் பொருள்களுள் அறைகலனும் ஒன்று. இந்நோக்கில் 14ஆம் எண் நாற்காலி மீண்டும் பொருள்பெறுகிறது. அதன் ஒரு கால் உடைந்தால் திருகாணியைக் கழற்றி அக்காலை மட்டும் மாற்றலாம். பிரித்தெடுக்கும் வசதி அதில் ஏற்றுமதிக்கு மட்டுமன்றிச் செப்பனிடுதலுக்கும் பயன்பட்டது. துகள்பலகைக் காலத்தில் முதற்பயன் மட்டும் எஞ்சியது. இரண்டாம் பயன் தொலைந்தது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. ஒன்று, அறைகலன் உலகச் சரக்கானதற்குக் காரணம் பிரித்து அடுக்கும் முறையும் வேலைப் பகுப்பும் ஆகும். இரண்டு, மொராவியாவிலிருந்து வியட்நாம் வரை உற்பத்தி மரத்தையும் மலிவான உழைப்பையும் பின்தொடர்ந்தே சென்றுள்ளது. இதனை அண்மைக்காலப் போக்கு எனக் கருதுவது பொருந்தாது. மூன்று, பிறப்பிடச் சான்றைக் கோரும் இன்றைய சட்டங்கள் மரம் நின்ற நிலத்தைக் கேட்கின்றன. அந்நிலத்தில் உழைத்தவரைப் பற்றி அவை கேட்பது குறைவு.

மலேசியத் தோட்டத் தமிழர் வரலாறு இதுவரை பெரும்பாலும் ரப்பர்ப் பாலோடு முடிவுறுகிறது. பால் வற்றியபின் அம்மரம் சென்ற வழியையும் சேர்த்து ஆராய்ந்தால் அவ்வரலாறு மேலும் முழுமை பெறும். தோட்டப் பதிவேடுகளும், கூட்டுறவுச் சங்க ஆவணங்களும், முதிய தொழிலாளரின் வாய்மொழிச் சான்றுகளும் அதற்குத் துணைபுரியும். வாய்மொழிச் சான்றுகளைத் திரட்டும் காலம் குறுகி வருவதால், அப்பணியை இளம் ஆய்வாளர்கள் விரைந்து மேற்கொள்வது நலம்.