வைக்கோலிடை வாழ்ந்த ஓவியம்

ஜெர்மனியின் பிராங்கோனிய நாட்டுப்புறத்தில் ஹோர்ப் என்றொரு சிற்றூர் உண்டு. அவ்வூர் யூதர் தம் சிறு ஜெப ஆலயத்துக்கு 1735-ஆம் ஆண்டில் ஓவியம் தீட்டுவித்தனர். தீட்டியவர் எலியேசர் சுஸ்மான். வளைந்த பலகைக் கூரையெங்கும் பூங்கொடிகள், விலங்குகள், எபிரேய எழுத்துகள்!

பத்தொன்பதாம் நூற்றாண்டில் யூதர் அவ்வூரை விட்டகன்றனர். தொழுத இடம் வைக்கோற் களஞ்சியமாயிற்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அறிஞர் கண்ணிற்பட்டு, பலகைகள் பாம்பெர்க் நகர் சேர்ந்தன.

ஆலயத்துக்கு இது இழிவன்றோ எனலாம். ஆயின் அதே சுஸ்மான் தீட்டிய பெக்ஹோபன் ஆலயம், கற்றோர் தேடிச்சென்று கண்ட பெருமையுடையது. 1938 நவம்பரில் நாஜிகள் அதனை எரித்தனர். வூர்ஸ்புர்க் நகரில் பேணப்பட்ட கிர்க்ஹைம் பலகைகளோ 1945-இல் குண்டுவீச்சுக்கு இரையாயின.

கைவிடப்பட்ட ஹோர்ப் கூரை, பாம்பெர்க் நகரத்தார் தந்த இரவலாக, இன்று எருசலேமில் இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் உள்ளது.