அருஷா மேசை – 9: பூட்டப்பட்ட ஏரி

துக்க வீட்டுக்கு வந்த ஜனாதிபதியைக் கல்லெறிந்து விரட்டிய காட்சியோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம். 1996 ஜூலை 23. புருண்டியின் புகெண்டானாவில் கொல்லப்பட்ட முந்நூறுக்கும் அதிகமான டுட்சிகளின் இறுதிச் சடங்கு அது. ஹுட்டு இனத்தவரான ஜனாதிபதி சில்வெஸ்டர் ன்டிபான்டுங்கான்யா உயிர் தப்பி, அன்றைய தலைநகர் புஜும்பூராவில் அமெரிக்கத் தூதரின் வீட்டுக்குள் போய் அடைக்கலம் புகுந்தார்.

ஜூலை 25 அன்று புருண்டி ராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. பதவியில் வந்து உட்கார்ந்தவர் மேஜர் பியேர் புயோயா. ஆம், அதே புயோயா. 1987இல் ஒருமுறை ஆட்சியைப் பிடித்து, 1993 தேர்தலில் தோற்று, மரியாதையாக விலகிக்கொண்டாரே, அவர்தான். மேற்கத்திய தலைநகரங்களில் அவருக்கு நல்ல பெயர் இருந்தது. படுகொலைகளை நிறுத்தவே வந்திருப்பதாகச் சொன்னார். பலர் நம்பவும் தயாராக இருந்தார்கள்.

ஒருவர் நம்பவில்லை. தான்சானியாவின் முன்னாள் ஜனாதிபதி, புருண்டி சமாதானப் பேச்சின் நடுவர், ஜூலியஸ் நியரேரே.

ஆறே நாளில், ஜூலை 31 அன்று, அண்டை நாட்டுத் தலைவர்கள் தான்சானியாவின் அருஷாவில் கூடினார்கள். பக்கத்து ருவாண்டாவில் இனப்படுகொலை நடந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. அன்று கைகட்டி நின்ற உறுத்தல் எல்லோருக்கும் இருந்தது. முழுப் பொருளாதாரத் தடை என்று முடிவாயிற்று. எந்த வல்லரசும் உத்தரவிடவில்லை, ஐ.நா.வும் சொல்லவில்லை. ஓர் ஏழை நாட்டின் ராணுவ ஆட்சியை எதிர்த்து, அதன் ஏழை அண்டை நாடுகளே எடுத்த முடிவு இது. நிபந்தனைகள் மூன்று: நாடாளுமன்றம் திரும்ப வேண்டும், கட்சிகள் மீதான தடை நீங்க வேண்டும், ஆயுதக் குழுக்கள் உட்பட எல்லோரோடும் நிபந்தனையின்றிப் பேச வேண்டும்.

புருண்டிக்குக் கடல் கிடையாது. அந்த நாட்களில் டார் எஸ் சலாம் துறைமுகத்தில் இறங்கும் சரக்கு ரயிலேறி கிகோமா வரும். அங்கிருந்து படகில் டாங்கனீக்கா ஏரியைக் கடந்து புஜும்பூரா சேரும். அரசாங்கத்துக்கு அந்நியச் செலாவணி தரும் காப்பியும் பெரும்பாலும் இதே வழியில்தான் வெளியே போக வேண்டியிருந்தது. அந்த வழியைத் தான்சானியா அடைத்தது. புஜும்பூராவில் பெட்ரோல் அளந்து கொடுக்கும் நிலை வந்தது.

செப்டம்பரில் புயோயா இறங்கி வந்தார். நாடாளுமன்றத்தையும் கட்சிகளையும் அனுமதித்தார். உறுப்பினர்களில் பலர் கொல்லப்பட்டோ நாட்டைவிட்டு ஓடியோ போயிருந்தார்கள் என்பதால் அது பாதி நாடாளுமன்றம்தான். ஆனாலும் துப்பாக்கி வைத்திருப்பவன் ஏழு வாரத்தில் இவ்வளவு இறங்குவது சாதாரணமல்ல. தடை வேலை செய்தது என்று அடித்துச் சொல்லக்கூடிய கட்டம் இதுதான்.

என் பார்வையில், நியரேரே சறுக்கியதும் இதே கட்டத்தில்தான். மூன்றாவது நிபந்தனை பாக்கி என்று சொல்லி, அண்டை நாடுகள் பிடியைக் கொஞ்சமும் தளர்த்தவில்லை. இறங்கி வந்து என்ன கிடைத்தது என்று ராணுவத்துக்குள் இருந்த தீவிரவாதிகள் கேட்டால், புயோயாவிடம் காட்ட ஒன்றுமில்லை.

அக்டோபரில் நிலைமையே மாறியது. பக்கத்து ஜயர் நாட்டில் போர் மூண்டது. புஜும்பூராவுக்கு ஏரியின் எதிர்க்கரையில் இருக்கும் உவிரா, கிளர்ச்சியாளர்கள் கையில் விழுந்தது. மேற்கே ஒரு வாசல் திறந்துகொண்டது. ருவாண்டாவும் கெடுபிடி காட்டவில்லை. கடத்தல் பெருகியது, லாபம் பார்த்தவர்கள் ராணுவத்துக்கு நெருக்கமான வியாபாரிகள். யாரைப் பணிய வைக்கத் தடை போட்டார்களோ, அவர்களுடைய ஆட்களுக்கே அது தொழிலாகிப் போனது.

அடி வாங்கியது கிராமம். உப்பு, சோப்பு, உரம் எல்லாம் விலையேறின. அதே மாதங்களில் ராணுவம் லட்சக்கணக்கான ஹுட்டு விவசாயிகளை அவர்கள் நிலத்திலிருந்து பெயர்த்து முகாம்களில் அடைத்தது. விதைக்க நிலமில்லை, வாங்கக் காசில்லை. உணவுக்கும் மருந்துக்கும் உரத்துக்கும் பள்ளிச் சாமான்களுக்கும் முழு விலக்கு அளிக்க 1997 ஏப்ரல் வரை ஆயிற்று. அந்த ஒன்பது மாதத் தாமதத்துக்கு எந்த அரசியல் நியாயமும் எனக்குப் போதவில்லை.

1998 ஜூனில் புயோயா எதிர்க்கட்சியான ஃப்ரோடெபுவோடு அதிகாரத்தைப் பகிர்ந்தார். அருஷாவில் பேச்சும் தொடங்கியது. 1999 ஜனவரி 23 அன்று தடை நிறுத்திவைக்கப்பட்டது. போர் மட்டும் நிற்கவில்லை. நியரேரேயின் கையிலிருந்த ஒரே பிடியும் போய்விட்டது.

அக்டோபர் 14 அன்று, லண்டன் மருத்துவமனையில், நியரேரேவும் போய்விட்டார்.

பேச்சு இத்தோடு சரி என்றே பலர் நினைத்தார்கள். டிசம்பரில் புதிய நடுவர் அறிவிக்கப்பட்டார்: இருபத்தேழு வருடம் சிறையில் கழித்த நெல்சன் மண்டேலா. தடை இல்லை, படை இல்லை, வெறும் கையோடு வந்தார். 2000 ஜனவரியில் அருஷாவில் எழுந்து, எதிரே உட்கார்ந்திருந்த புருண்டித் தலைவர்களை உலகமே பார்க்க வெளுத்து வாங்கினார்.

அவர்கள் மேசையில் இருந்தார்களா, எழுந்து போனார்களா?

(தொடரும்)