படம் ஓரிடம், அளவு வேறிடம்

கோவளம்னு சொன்னதும் பாதிப் பேர் "ஓ, கேரளாவா?"ன்னு கேப்பாங்க. மிச்சப் பேர்ல சிலர் கன்னியாகுமரி பக்கத்துக் கோவளத்தைச் சொல்லுவாங்க. நான் சொல்றது ஈசிஆர் கோவளம். தாம்பரத்துலேர்ந்து வண்டலூர், கேளம்பாக்கம் வழியா வந்து கடல்ல முட்டிக்கிட்டு நின்னா அதான் எங்க ஊர். ஆனா இன்னிக்கு எழுதப்போற விஷயத்துக்கு அந்தக் கேரளக் கோவளமும் கொஞ்சம் தேவைப்படுது. போனாப் போகுதுன்னு அதையும் சேத்துக்கறேன் :-)

மேட்டர் இதுதான். டாக்குமெண்ட்ல ஒரு படத்தைப் போட்டு, மூலையைப் பிடிச்சு இழுத்துச் சின்னதாக்குறோம் இல்லையா? அப்போ படம் சின்னதாயிடுச்சுன்னு நினைக்கறோம். ஆகலை. ஃபைலுக்குள்ள படம் அப்படியேதான் உக்காந்திருக்கு. பக்கத்துல எழுதி வச்சிருக்கற ரெண்டு எண்தான் மாறுது. படம் ஓரிடம், அளவு வேறிடம். இந்த ஏற்பாடு சும்மா வந்துடலை.

முதல்ல ஈய எழுத்துக் காலத்தைப் பாருங்க. கம்போசிட்டர் எழுத்துக் கோக்கறப்போ படத்துக்குன்னு ஒரு கட்டம் காலியா விடுவார். பிளாக் வேற கடையில தயாராகும். தகட்டுல படத்தை அரிச்சு எடுத்து, மரக்கட்டையில ஆணி அடிச்சு, ஈய எழுத்தோட உயரத்துக்கே (0.918 அங்குலம்) கொண்டு வரணும். இல்லேன்னா மை ஒட்டாது, இல்ல காகிதம் கிழியும். பெரிசாக்கறதும் சின்னதாக்கறதும் பிளாக் கடைக் கேமரா முன்னாடியே முடிஞ்சு போற சமாச்சாரம். பிளாக் வந்தப்பறம் "கொஞ்சம் சின்னதா இருந்தா நல்லாருக்கும்"னு எடிட்டர் சொன்னா, மறுபடி முதல்லேர்ந்து செலவு. பிளாக்குக்குக் காசே சதுர அங்குலக் கணக்குலதான். நம்ம நாட்டுல இந்த ஹாஃப்டோன் வித்தையைக் கணிதமாவே ஆராய்ஞ்சவர் கல்கத்தாவோட உபேந்திரகிஷோர் ராய். லண்டன்லேர்ந்து வந்த 'பென்ரோஸ்' ஆண்டு மலர்ல அதைப் பத்திக் கட்டுரைகளே எழுதினார். சத்யஜித் ராயோட தாத்தான்னு சொன்னா சட்டுனு தெரியும்.

இனி கம்ப்யூட்டர். 1977-ல டொனால்ட் நூத் தன்னோட புத்தகத்தோட அச்சு நல்லா இல்லைன்னு கோவிச்சுக்கிட்டு 'டெக்' மென்பொருளை எழுத ஆரம்பிச்சார். எழுத்து, கணிதக் குறியீடு, வரி முறிப்பு எல்லாத்துக்கும் அதுல அவ்வளவு யோசனை. ஆனா படத்துக்கு? கிட்டத்தட்ட ஒண்ணும் இல்லை! 'ஸ்பெஷல்'னு ஒரு கட்டளை மட்டும். அதுக்குள்ள என்ன எழுதியிருந்தாலும் டெக் படிச்சுப் பாக்காது, பிரிண்டருக்கு அனுப்பற புரோகிராம்கிட்ட அப்படியே தள்ளிவிட்டுடும். டெக் செய்யறது ஒண்ணே ஒண்ணு, இத்தனை அகலம், இத்தனை உயரம்னு ஒரு காலிப் பெட்டியை விடும். நம்ம கம்போசிட்டர் விட்ட அதே காலிக் கட்டம்தான்! என்னைக் கேட்டா அது குறை இல்லை, புத்திசாலித்தனம். படத்தோட வகைகள் வரும், போகும். பெட்டி எப்பவும் பெட்டிதான்.

அந்தப் பெட்டிக்கு அளவு எங்கேர்ந்து வரும்? 1984-ல அடோபி போஸ்ட்ஸ்கிரிப்டைக் கொண்டு வந்தது. அதோட இபிஎஸ் படங்கள்ல தலைப்பகுதியிலேயே 'பவுண்டிங் பாக்ஸ்'னு நாலு எண் இருக்கும், படத்தோட நாலு எல்லைகள். படத்தைத் திறந்து பாக்கவே வேணாம், அந்த ஒரு வரியைப் படிச்சாப் போதும். இதுல ஒரு வேடிக்கை. போஸ்ட்ஸ்கிரிப்ட்ல ஒரு அங்குலத்துக்கு 72 புள்ளி. டெக்ல ஒரு அங்குலத்துக்கு 72.27 புள்ளி, பழைய அமெரிக்க அச்சகக் கணக்கு. அதனால டெக்ல 'பெரிய புள்ளி'ன்னு தனி அலகே உண்டு. அந்த 0.27-ஐ மறந்தவங்க படம் எல்லாம் ஒரு முடி அளவுக்குத் தப்பா நிக்கும்.

ஆளாளுக்கு ஒரு கட்டளை எழுதி வச்சிருந்த காலம் 1994-ல முடிஞ்சது. லாடெக்கோட புதுப் பதிப்போட டேவிட் கார்லைலும் செபாஸ்டியன் ராட்ஸும் கிராஃபிக்ஸ் தொகுப்பைக் கொடுத்தாங்க. இன்னிக்கும் ஆராய்ச்சி மாணவர்கள் அடிக்கற 'இன்க்ளூட்கிராஃபிக்ஸ்' அதுலேர்ந்து வந்ததுதான். அகலம் மட்டும் சொல்லுங்க, உயரத்தை அதுவே விகிதப்படி கணக்குப் போட்டுக்கும். ரெண்டையும் சொன்னா இழுத்து அமுக்கிடும். நம்மூர்க் கல்யாண பேனர்ல மாப்பிள்ளை குட்டையா, குண்டா தெரிவாரே, அதே கோளாறு :-) அதுக்கும் 'விகிதம் காப்பாத்து'ன்னு ஒரு சொல் இருக்கு.

இங்கதான் கேரளக் கோவளம் வருது. அங்கேர்ந்து கூப்பிடு தூரத்துல இருக்கற திருவனந்தபுரத்துல, 2002 செப்டம்பர்ல உலக டெக் பயனர் குழுவோட ஆண்டு மாநாடு நடந்தது. சி.வி. ராதாகிருஷ்ணனோட ரிவர் வேலி டெக்னாலஜீஸும் அந்த ஊர்லதான். வெளிநாட்டு ஆய்விதழ்களுக்கு டெக்ல பக்கம் கோத்துக் கொடுத்தவங்க. எங்க பக்கமும் சளைச்சது இல்லை. ஆய்விதழ்ப் பக்கங்கள் கோக்கற வேலைக்கு உலக அளவுல சென்னை பெரிய ஊர். எங்கேயோ ஒரு பேராசிரியர் வரைஞ்ச வரைபடம் பத்திக்குள்ள அடங்காம வெளியே நீட்டிக்கிட்டு இருந்தா, அதை உள்ளே தள்ளறவங்க நம்ம பசங்கதான். ராட்ஸ் 2016-ல காலமாயிட்டார். அவர் பேரைக் கேள்விப்படாமலே அவர் எழுதின கட்டளையைத் தினம் நூறு தடவை ஓட்டறவங்க ராத்திரி ஷிப்ட்ல இருக்காங்க.

நாம புழங்கற ஆபீஸ் மென்பொருள்கள் வேற வழியா வந்தாலும் அதே இடத்துக்குத்தான் வந்து சேந்துச்சு. பழைய ஆர்டிஎஃப்ல படத்தோட விரும்பிய அகலத்தை 'ட்விப்'ல எழுதுவாங்க, அங்குலத்துக்கு 1440. கூடவே எத்தனை சதவீதம்னு ஒரு எண். 2007-க்கப்பறம் டாக்எக்ஸ்ல இஎம்யூன்னு ஒரு அலகு வந்தது. ஒரு அங்குலம் 914400. என்னடா இது லாட்டரி நம்பர் மாதிரின்னு தோணுதா? கணக்குப் போட்டுப் பாருங்க. ஒரு சென்டிமீட்டர் சரியா 360000, ஒரு புள்ளி சரியா 12700. எதுலயும் பின்னமே வராது. நூத்தோட 0.27 தலைவலிக்கு ஒரு வழியா மருந்து. ஓபன் ஆபீஸோட ஓடிடி ஃபைல்லயும் படம் தனியா, அளவு தனியாத்தான்.

டாக்எக்ஸ், ஓடிடி ரெண்டுமே உள்ளுக்குள்ள ஜிப் ஃபைல்தான். ஒரு நகல் எடுத்து, பேர்ல கடைசியை ஜிப்னு மாத்தித் திறந்தா, 'மீடியா' (ஓடிடின்னா 'பிக்சர்ஸ்') ஃபோல்டர்ல படமெல்லாம் அசல் அளவுல கிடக்கும்.

இது எனக்கு எப்போ உதவிச்சுன்னா, எங்க ஊர் மீனவர் குடும்பங்களோட பழைய போட்டோக்களை ஒரு சின்னப் புத்தகமாப் போடலாம்னு கிளம்பினப்போ. ஸ்கேன் பண்ணி வச்சிருந்த தம்பியோட ஹார்ட் டிஸ்க் செத்துப் போச்சு. ஆல்பத்தைத் திருப்பிக் கொடுத்தாச்சு, அதையும் கரையான் அரிச்சிடுச்சு. மிச்சம் இருந்தது ரெண்டு டாக்எக்ஸ் ஃபைல். பக்கத்துல எல்லாப் படமும் ஒன்றரை அங்குலம், ஸ்டாம்ப் சைஸ். முதல் ஃபைலைப் பிரிச்சேன், ஒவ்வொண்ணும் 2400 புள்ளி அகலத்துல முழுசா இருந்தது. பெரியவர் ஒருத்தர் கட்டுமரத்துல கட்டியிருக்கற கயித்தோட முறுக்குக்கூடத் தெரியுது. ரெண்டாவது ஃபைலை யாரோ மெயில்ல அனுப்பணும்னு 'படங்களைச் சுருக்கு'ன்னு கொடுத்து, அங்குலத்துக்கு 96 புள்ளின்னு வச்சுட்டாங்க. ஒன்றரை அங்குலத்துக்கு 144 புள்ளி. அவ்வளவுதான் மிச்சம். அதை ஆறு அங்குலத்துக்கு விரிச்சா அங்குலத்துக்கு 24. முகம் இருக்கற இடத்துல சாம்பல் கட்டங்கள். அதுல ஒரு பாட்டியோட ஒரே படமும் போச்சு. அவங்க பேத்திகிட்ட அதை எப்படிச் சொல்றதுன்னு ரெண்டு நாள் யோசிச்சேன்.

முதல் ஃபைல்ல இன்னொண்ணும் கிடைச்சது. வெட்டின படத்தையும் மென்பொருள் உடனே வெட்டறது இல்லை, இந்தப் பக்கம் இத்தனை பங்கை மறைன்னு எழுதி வச்சுக்குது. ஒரு கல்யாணப் படத்துல மணமக்கள் மட்டும்தான் தெரிஞ்சாங்க. மீடியா ஃபோல்டர்ல இருந்த முழுப்படத்துல வலது ஓரமா மணல்மேல வரிசையா ஏத்தி வச்ச கட்டுமரங்கள், அதுக்குப் பின்னாடி வலை உணத்தற நாலு பேர். அந்த நாலு பேர்ல ரெண்டு பேரை ஊர்ல அடையாளம் சொல்லிட்டாங்க. மிச்ச ரெண்டு பேரை இன்னும் விசாரிச்சிக்கிட்டு இருக்கேன்.