முஹாஜிர் என்னும் சொல்லும் 1947ஆம் ஆண்டும்

அரபு மொழியில் 'ஹஜ்ர்' என்னும் வேர்ச்சொல்லுக்கு 'விட்டு நீங்குதல்' என்பது பொருள். ஹிஜ்ரத் என்பதும் முஹாஜிர் என்பதும் அவ்வேரில் கிளைத்த சொற்களே. அண்ணல் நபி (ஸல்) அவர்களும் அவர்தம் தோழர்களும் கி.பி. 622இல் மக்காவை விட்டு மதீனா ஏகினர். முஸ்லிம்களின் ஆண்டுக் கணக்கே அந்நிகழ்ச்சியிலிருந்துதான் தொடங்குகிறது. அத்துணைச் சிறப்புடைய இச்சொல், 1947இல் இந்தியாவிலிருந்து பாகிஸ்தானுக்குச் சென்ற மக்களுக்குப் பெயராயிற்று. எதிர்த் திசையில் வந்த இந்துக்களையும் சீக்கியர்களையும் 'சரணார்த்திகள்' என்றனர். பெயர் வேறாயினும் இருசாராரும் இழந்தது ஒன்றே. அவ்வரலாற்றைச் சிறிது நினைவு கூர்வோம்.

நாட்டைப் பிரிக்கும் திட்டம் 1947 ஜூன் 3ஆம் நாள் அறிவிக்கப்பட்டது. பஞ்சாபையும் வங்காளத்தையும் கூறிடும் பொறுப்பு ஸர் ஸிரில் ராட்கிளிஃப் என்னும் ஆங்கில வழக்கறிஞரிடம் ஒப்படைக்கப்பட்டது. அதற்கு முன் அவர் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. ஜூலை 8ஆம் நாள் வந்திறங்கிய அவருக்குக் கிடைத்த காலம் ஏறத்தாழ 5 வாரங்கள். ஆகஸ்ட் 14, 15 நாட்களில் இரு நாடுகளும் விடுதலை பெற்றன. எல்லை எங்கே என்பதோ மக்களுக்குத் தெரியாது. ஆகஸ்ட் 17இல் தீர்ப்பு வெளியாயிற்று. லாகூர் பாகிஸ்தானுக்கும் அமிர்தசரஸ் இந்தியாவுக்கும் என்றாயின. குர்தாஸ்பூர் மாவட்டத்தில் ஷகர்கட் வட்டம் மட்டும் பாகிஸ்தானுக்கு, எஞ்சிய மூன்றும் இந்தியாவுக்கு. மறுநாள் நோன்புப் பெருநாள். தக்பீர் முழங்க வேண்டிய காலையில் எத்தனையோ ஊர்களில் மக்கள் மூட்டை கட்டிக் கொண்டிருந்தனர்.

குருதி சிந்தல் அன்று தொடங்கியதன்று. 1946இல் கல்கத்தா, நவகாளி, பீகார், 1947 மார்ச்சில் ராவல்பிண்டி என அது படர்ந்தே வந்தது. ஓரிடத்துக் கொலைக்கு மற்றோரிடத்தில் பழி; அப்பழிக்கு வேறோரிடத்தில் பழி. இதில் எச்சமூகத்தின் கையும் தூயதன்று என்பதை நாம் மறைத்தல் ஆகாது. அமைதி காக்க அமைத்த பஞ்சாப் எல்லைப் படையும் செப்டம்பர் முதல் நாளே கலைக்கப்பட்டது. புகைவண்டிகள் வழிமறிக்கப்பட்டன, பிணங்களைச் சுமந்து நிலையம் சேர்ந்த வண்டிகள் இரு திசையிலும் உண்டு.

வண்டி கிடையாதோர் நடந்தனர். 'காஃபிலா' என்றால் நமக்கு ஹஜ்ஜுக்கும் வணிகத்துக்கும் செல்லும் ஒட்டகக் கூட்டம் நினைவுக்கு வரும். பஞ்சாபில் அவ்வாண்டு அச்சொல் உயிருக்கு அஞ்சி ஓடுவோரின் வரிசையைக் குறித்தது. செப்டம்பர் 18 முதல் அக்டோபர் 29 வரையிலான 42 நாட்களில், இந்தியாவை நோக்கி மட்டும் 24 நடைக் காஃபிலாக்களில் சுமார் 8,49,000 பேர் வந்து சேர்ந்தனர். மாட்டுவண்டியில் முதியோரும் பாத்திரங்களும். பின்னால் கால்நடையாய் ஏனையோர். செப்டம்பர் இறுதியில் பெருமழையும் வெள்ளமும் வந்து, வாளுக்குத் தப்பியோரையும் வாரிச் சென்றன. 1951ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி பாகிஸ்தானில் முஹாஜிர்கள் சுமார் 72 இலட்சம். இந்தியாவில் அகதிகள் சுமார் 73 இலட்சம். மாண்டோர் தொகையை 2 இலட்சம் என்பாரும் உளர். 10 இலட்சம் என்பாரும் உளர். அதற்கு மேலும் கூறுவாரும் உளர். எண்ணிப் பார்க்கவும் ஆளில்லாத சாவுகள் அவை.

குருக்ஷேத்திரத்தில் எழுந்த முகாம் ஒரு பெருநகரத்தை ஒத்திருந்தது. லாகூரில் வால்ட்டன் முகாம் நிரம்பி வழிந்தது. டில்லி முஸ்லிம்கள் பழைய கோட்டையிலும் ஹுமாயூன் கல்லறைத் தோட்டத்திலும் தஞ்சம் புகுந்தனர். முகலாய மன்னர் துயிலும் இடத்தில், அவர் ஆண்ட நகரத்து மக்கள் குடிநீருக்கு வரிசையில் நின்றனர். அம்முகாம்களில் தொண்டாற்றியோருள் அனீஸ் கித்வாய் அம்மையார் ஒருவர். அவருடைய கணவர் ஷஃபீ அஹ்மத் கித்வாய் 1947 அக்டோபரில் முஸூரியில் கொல்லப்பட்டார். கைம்மை எய்திய அவ்வம்மையார் காந்தியடிகளிடம் சென்றார். அகதிகளுக்குப் பணி செய்யுமாறு அவர் பணித்தார். தம் துயரை நெஞ்சில் அடக்கிக் கொண்டு பிறர் கண்ணீரைத் துடைத்தார் அவர்.

இவ்வரலாற்றில் நம் நெஞ்சை மிகவும் வருத்துவது பெண்களின் நிலை. கடத்தப்பட்ட முஸ்லிம் பெண்கள் இந்தியாவில் 50,000 என்றும், இந்து, சீக்கியப் பெண்கள் பாகிஸ்தானில் 33,000 என்றும் அரசினர் மதிப்பிட்டனர். அவர்களை மீட்க 1947 டிசம்பரில் இரு அரசுகளும் உடன்பட்டன. 1949இல் இந்தியாவில் சட்டமும் வந்தது. சுமார் 30,000 பேர் மீட்கப்பட்டனர். ஆயின் அச்சட்டம் ஒன்றை மறந்தது: அப்பெண்ணின் விருப்பத்தைக் கேட்கவில்லை. குழந்தை பெற்று, புதிய இடத்தில் ஒருவாறு நிலைத்துவிட்டவளையும், பிறந்த வீடு ஏற்குமோ என்று அஞ்சியவளையும் அது எல்லைக்கு அப்பால் அனுப்பிற்று. நிகாஹ்வின்போது பெண்ணின் சம்மதத்தைக் கேட்டறியச் சொல்லும் ஷரீஅத்தை ஓதிய நமக்கு இது பெருந்துயராகவே படுகிறது. கடத்தியவனும் கேட்கவில்லை, மீட்டவரும் கேட்கவில்லை.

இருளினூடே சில விளக்குகளும் எரிந்தன. கிழக்குப் பஞ்சாபில் மாலேர்கோட்லா என்னும் சிறு சமஸ்தானத்தின் நவாபாயிருந்த ஷேர் முஹம்மத் கான், குரு கோவிந்த் சிங்கின் இளம் புதல்வர் இருவரைக் கொல்லும் ஆணையை 1704-05இல் எதிர்த்துக் குரல் கொடுத்தவர். அந்நன்றியைச் சீக்கியர் மறக்கவில்லை. 240 ஆண்டுகளுக்கு மேல் கழிந்து, சுற்றுப்புறம் யாவும் எரிந்தபோது, மாலேர்கோட்லா முஸ்லிம்களுக்குப் புகலிடமாய் நின்றது. அக்டோபரில் மௌலானா ஆஸாத் டில்லி ஜாமிஆ மஸ்ஜிதில் நின்று, ஊரை விட்டு ஓடாதீர் என்று முஸ்லிம்களிடம் மன்றாடினார். டிசம்பர் 19இல் காந்தியடிகள் மேவாத்தின் காஸேரா கிராமத்துக்குச் சென்று, புறப்பட இருந்த மேவ் மக்களைத் தங்குமாறு வேண்டினார். பலர் தங்கினர். அடுத்த மாதம் 30ஆம் நாள் அவர் உயிரும் பறிக்கப்பட்டது.

மதீனாவில் அண்ணலார் முஹாஜிர் ஒருவருக்கு அன்சாரி ஒருவரைச் சகோதரராக்கினார்கள். ஸஅத் இப்னு ரபீஉ (ரலி) தம் செல்வத்தில் பாதியை அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களுக்குத் தர முன்வந்தார். அவரோ அதை ஏற்காது, கடைத்தெருவுக்கு வழி மட்டும் கேட்டார். கொடுப்பவரின் பெருந்தன்மையும் பெறுபவரின் தன்மானமும் அங்கே ஒருங்கே விளங்கின. கராச்சியிலோ, வந்தவர்களின் பேரர்கள்கூட முஹாஜிர்களாகவே நின்றனர். 1984இல் அப்பெயரிலேயே ஓர் அரசியல் கட்சியும் தோன்றிற்று. மதீனாவில் முஹாஜிர் என்பது சிறப்புப் பெயர்; இங்கே அது ஆறாத வடுவின் பெயராயிற்று.

தமிழகத்து முஸ்லிம்களில் மிகப் பெரும்பாலோர் தம் ஊரிலேயே, தம் அண்டை வீட்டாரிடையே இருந்துவிட்டனர். அவ்வெள்ளம் நம்மைத் தீண்டவில்லை. அதனாலேயே நாம் அதை மறந்துவிடலாகாது. அகதி ஒருவன் நம் வாயிலில் வந்து நிற்கும் நாளில், அவன் எச்சமயத்தவன் ஆயினும், கடைத்தெருவுக்கு வழி காட்டும் கை நம்முடையதாக இருக்க வேண்டும்.