அறைச் சங்கீதம்

மார்கழி பிறப்பதற்கு முன் என் அலமாரியில் கிடக்கும் பழைய கச்சேரி அழைப்பிதழ்களை எடுத்துத் தூசி தட்டுவது வழக்கம். எதற்கு இந்தக் குப்பை என்று வீட்டில் கேட்பார்கள். பதில் சொல்லாமல் மறுபடி கட்டி உள்ளே வைத்துவிடுவேன். இந்த முறை கட்டுக்குள்ளிருந்து சின்னத் துண்டுத் தாள் ஒன்று நழுவி விழுந்தது. 'மெட்ராஸ் ஸ்ட்ரிங் குவார்டெட்' என்று போட்டிருந்தது. வயலின் வித்வான் வி. எஸ். நரசிம்மன் 1993-ல் தொடங்கிய குழு. 2018-ல் அதற்கு வெள்ளி விழா ஆண்டு, 2023-ல் முப்பது. இரண்டு வருஷங்களிலும் நான் அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. அந்தக் கடனைத் தீர்க்கத்தான் இந்தக் கட்டுரை.

புதுச்சேரியில் நான் படித்தது பிரெஞ்சு வழிப் பள்ளி. ஒரு நாள் வாத்தியார் இசைத்தட்டு ஒன்றைக் கொண்டுவந்து, இது 'ம்யூசிக் து ஷாம்ப்ர்' என்றார். ஷாம்ப்ர் என்றால் அறை. படுக்கையறைக்கும் அதே சொல்தான். வகுப்பே சிரித்தது. அவர் கோபப்படவில்லை. கோயிலுக்கு ஒரு சங்கீதம், நாடக அரங்கத்துக்கு ஒரு சங்கீதம், வீட்டு அறைக்கு ஒரு சங்கீதம். இது மூன்றாவது, பத்துப் பேர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பதற்கு என்றார். இதில் முக்கியமானது நால்வர் இசை: இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ. வயோலா பார்வைக்கு வயலின்தான், கொஞ்சம் பெரிது. சுருதி ஒரு பஞ்சமம் கீழே. செல்லோ அதற்கும் ஒரு ஸ்தாயி கீழே. முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி வாசிப்பது. நாலு பேருக்கும் தனித்தனிப் பாதை. கையசைத்து நடத்துபவர் யாரும் இல்லை.

உத்தியோகத்துக்காகச் சென்னை வந்த பிறகுதான், அறைச் சங்கீதம் இந்த ஊருக்குப் புதிதில்லை என்று தெரிந்துகொண்டேன். ஜார்ஜ் டவுன் ராமகிருஷ்ணன் தெருவில் வீணை தனம்மாள் (1867-1938) வெள்ளிக்கிழமை மாலைகளில் தன் வீட்டில் வாசிப்பார். மிருதங்கம் கிடையாது. பெரிய வித்வான்கள்கூடத் தரையில் உட்கார்ந்து, இருமலை அடக்கிக்கொண்டு கேட்டார்கள் என்று பழையவர்கள் சொல்வார்கள். வீணையின் நாதம் அவ்வளவு மெல்லியது. அந்த வீட்டின் பேரக் குழந்தைகள்தான் பாலசரஸ்வதி, பிருந்தா, முக்தா, புல்லாங்குழல் விசுவநாதன். அந்த அறை எத்தனை பேருக்குக் காது கொடுத்தது பாருங்கள்.

தனம்மாளின் கடைசிக் காலத்துக்குள் ஊர் மாறிவிட்டது. 1927 டிசம்பரில் காங்கிரஸ் மகாசபையோடு சேர்ந்து நடந்த சங்கீத மாநாட்டில் பிறந்த எண்ணம், மறு வருஷம் மியூசிக் அகாடமி ஆயிற்று. சபாக்கள் பெருகின, மைக் வந்தது. அதனால் எத்தனையோ பேருக்குச் சங்கீதம் கிடைத்தது. குறை சொல்ல மாட்டேன். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பது என்ற பழக்கம் குறைந்தது.

கேட்பவர்களின் கதை இது. வாசிப்பவர்களின் கதை வேறு வழியாக வந்தது. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் (1786-1859), மணலி முதலியார் குடும்பத்தின் ஆதரவில் இங்கே இருந்த காலத்தில், செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் பாண்டு இசையைக் கேட்டார். முதலியார் ஏற்பாட்டில் ஒரு ஐரோப்பியரிடம் வயலின் கற்றார். அண்ணன் அதே மேல்நாட்டு மெட்டுகளுக்கு ஸம்ஸ்கிருத சாகித்தியம் எழுதினார். நோட்டுஸ்வரம் என்று நம் குழந்தைகள் இன்றும் பாடுகிறார்கள். தீட்சிதரிடம் பயின்ற தஞ்சை நால்வரில் கடைக்குட்டி வடிவேலு வயலினில் புகழ்பெற்று, சுவாதித் திருநாளிடம் தந்த வயலின் பரிசு பெற்றார். நூறு வருஷத்துக்குள் வயலின் இல்லாமல் கச்சேரியே இல்லை என்றாகிவிட்டது. ஆனால் கருவியைத்தான் எடுத்துக்கொண்டோம். பலர் சேர்ந்து பல பாதைகளில் வாசிக்கும் முறையை எடுத்துக்கொள்ளவில்லை. நம் சங்கீதத்துக்கு அது தேவைப்படவில்லை.

அந்த முறை பெரிய அளவில் இங்கே வேர்விட்டது கோடம்பாக்கத்தில். சினிமாவுக்கு வயலின் கூட்டம் வேண்டும். நொட்டேஷன் பார்த்த மாத்திரத்தில் வாசிக்க வேண்டும். மயிலாப்பூரில் ஒரு லாட்ஜ் அறையில் தன்ராஜ் மாஸ்டர் மேல்நாட்டு இசை சொல்லிக்கொடுத்தார். 1960களின் கடைசியில் அங்கே போய்ப் படித்தவர்களில் ஒருவர் இளையராஜா. அதுவும் ஓர் அறைதான்.

நரசிம்மன் அந்த வயலின் கூட்டத்தின் முன்வரிசைக்காரர். 1986-ல் இளையராஜா வெளியிட்ட 'ஹவ் டு நேம் இட்' கேஸட் பலர் வீட்டில் இருந்திருக்கும். தியாகராஜருக்கும் பாஹுக்கும் காணிக்கையாக்கப்பட்ட அதில் வயலின் இவருடையது. தனியாக இசையமைத்தும் இருக்கிறார். பாலசந்தரின் 'அச்சமில்லை அச்சமில்லை' (1984) படமும், தூர்தர்ஷனில் நாம் காத்திருந்து பார்த்த 'ரயில் சிநேகம்' தொடரும் நினைவிருக்கிறதல்லவா?

அதே 1986-ல் 'புன்னகை மன்னன்' வந்தது. கணிப்பொறியில் இசை என்று ஊரெல்லாம் பேச்சு. எனக்கும் அதிசயமாகத்தான் இருந்தது. அதன் மறுபக்கம் தெரிந்தது என் பக்கத்து போர்ஷன்காரரால். பெயர் வேண்டாம். சினிமாவில் வயோலா வாசித்தவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். காலை ஆறரைக்குப் பெட்டியோடு கிளம்புவார், பிரசாத், ஏ.வி.எம்., சில நாள் ஒரே நாளில் இரண்டு கால்ஷீட். தொண்ணூறுகளில் அது வாரத்துக்கு இரண்டு நாளாயிற்று. பிறகு மாதத்துக்கு இரண்டு நாள். கீபோர்டில் ஒருவர் விரல் வைத்தால் முப்பது வயலின் கேட்கும் காலம் வந்துவிட்டது. எங்கள் ஆபீஸில் டைப் மெஷின்கள் போய்க் கணிப்பொறி வந்தபோது எங்களுக்குச் சம்பளம் நிற்கவில்லை, பென்ஷனும் வந்தது. அவருக்கு இரண்டும் இல்லை. பெட்டி பீரோவின் மேல் ஏறியது.

படத்தின் டைட்டிலில் 'இசை' என்று ஒரு பெயர் வரும். கூட வாசித்த ஐம்பது பேர் பெயர் வராது. சபா அழைப்பிதழில் கடம் வாசிப்பவர் பெயர்வரை அச்சடிக்கிறோம்; சினிமாவில் அந்த மரியாதை இல்லை. நம் ஊரில் எத்தனை வயோலாக்காரர்கள் இருந்தார்கள் என்று இன்று யாராவது கணக்கெடுக்க முடியுமா?

நரசிம்மனின் குழு தொடங்கியது இந்தக் காலத்தில்தான். நாலு கருவிகளும் மேல்நாட்டு முறையில்; வாசிப்பது பெரும்பாலும் நம் கீர்த்தனைகள். என் நண்பரை வற்புறுத்தி ஒரு கச்சேரிக்கு அழைத்துப்போனேன். மயிலாப்பூரில் சின்ன ஹால். பாதி நாற்காலி காலி. நான் முதல் வயலினையே பார்த்துக்கொண்டிருந்தேன், மெட்டு அங்கே இருந்ததால். அவர் என் முழங்கையைத் தொட்டு, "மெட்டை விடுங்க சார், அது உங்களுக்குத் தெரிஞ்சதுதான். நடுவுல என்ன போகுதுன்னு கேளுங்க" என்றார்.

கேட்டேன். முதலில் ஒன்றும் பிடிபடவில்லை. கொஞ்ச நேரத்தில், தெரிந்த வீட்டுக்குள் தெரியாத அறை ஒன்று திறந்த மாதிரி இருந்தது. வயலின் கமகத்தோடு கீர்த்தனையைப் பாடுகிறது. கீழே செல்லோ ஒரு வழியில் நடக்கிறது. நடுவில் வயோலா இரண்டுக்கும் பாலம் போடுகிறது. அதுவரை வயோலா என்பது பீரோவின் மேல் இருக்கும் பெட்டி என்றுதான் எனக்குத் தெரியும்.

திரும்பும் வழியில் நாகேஸ்வர ராவ் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து, இது ஏன் கடினம் என்று விளக்கினார். மேல்நாட்டு முறையில் மூன்று ஸ்வரங்களை அடுக்கி ஒரே நேரத்தில் ஒலிக்கவிடுவார்கள். நம் ராகத்தில் இல்லாத ஸ்வரம் அந்த அடுக்கில் வந்தால் ராகம் கெட்டுவிடும். ஹம்ஸத்வனியில் ஸ ரி க ப நி. ஸ-க-ப ஓர் அடுக்கு, ப-நி-ரி ஓர் அடுக்கு, க-ப-நி இன்னொன்று. மூன்றும் ராகத்துக்குள்ளேயே கிடைக்கின்றன. மோகனத்தில் நிஷாதம் இல்லை; ஆகவே ப-நி-ரி இல்லை. மேல்நாட்டு இசைக்கு வீட்டு வாசல் போன்ற அடுக்கு அது. அங்கே வேறு வழி தேட வேண்டும். தோடி மாதிரி ராகமென்றால் ஸ்வரம் ஓரிடத்தில் நிற்பதே இல்லை. அடுக்கை எதன் மேல் வைப்பது? "அதனாலதான் சார், அடுக்கறதைக் குறைச்சு, ஒவ்வொருத்தருக்கும் ராகத்துக்குள்ளயே ஒரு தனிப் பாதை போடணும். அதுக்கு ரெண்டும் தெரிஞ்ச ஆள் வேணும்."

ஹம்ஸத்வனியை உருவாக்கியவர் என்று சொல்லப்படுபவர் ராமசுவாமி தீட்சிதர். வயலின் கற்ற பாலுசுவாமியின் தகப்பனார். வீட்டுக்கு வந்து இதை யோசித்தபோது, கோட்டை பாண்டு இசையில் தொடங்கிய ஏதோ ஒன்று இருநூறு வருஷம் சுற்றிவிட்டு அந்தச் சின்ன ஹாலுக்கு வந்து சேர்ந்த மாதிரி இருந்தது.

இன்னொரு பொருத்தமும் சொல்ல வேண்டும். பிரெஞ்சு படித்தவனுக்கு இது தோன்றாமல் போகாது. பிரெஞ்சு இசைமேதை தெபுஸி எழுதியது ஒரே ஒரு நால்வர் இசை. அது பாரிஸில் முதன்முதலாக அரங்கேறியது 1893 டிசம்பர் 29-ல். நம் கணக்கில் மார்கழி மாதம். நாலு வருஷம் முன்பு பாரிஸ் பொருட்காட்சியில் ஜாவாத் தீவின் கமெலான் இசையைக் கேட்டு மயங்கியவர் அவர். கிழக்கைக் கேட்ட ஒருவரின் நால்வர் இசை அரங்கேறி சரியாக நூறு வருஷம் கழித்து, மேற்கைக் கற்ற ஒருவர் சென்னையில் நால்வர் குழு தொடங்கினார். அதே 1893-ல்தான் இங்கே மெட்ராஸ் மியூசிகல் அசோசியேஷனும் பிறந்தது. திட்டமிட்டு நடந்ததல்ல, இருந்தாலும் நினைத்துப் பார்க்க நன்றாக இருக்கிறது.

நால்வர் குழு நீடிப்பது எங்குமே லேசில்லை. லண்டனின் புகழ்பெற்ற அமடேயஸ் குவார்டெட் 1948-லிருந்து அதே நாலு பேரோடு நாற்பது வருஷத்தை நெருங்கி வாசித்தது. 1987-ல் வயோலாக்காரர் இறந்தார். மற்ற மூவரும் இன்னொருவரைத் தேடவில்லை, குழுவையே கலைத்துவிட்டார்கள். இதைச் சொன்னபோது என் நண்பர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "வயோலாவுக்காகவா?" என்று கேட்டார்.

அன்று அவர் சொன்ன இன்னொன்றும் மனசில் நிற்கிறது. "அங்கே அம்பது பேர்ல ஒருத்தன் சார் நான். ஒரு நாள் வில்லை ஓட்டாம சும்மா உட்கார்ந்திருந்தாக்கூட யாருக்கும் தெரியாது. இங்கே தப்பு வந்தா தெரியும். சரியா வாசிச்சாலும் தெரியும்." அறைச் சங்கீதத்துக்கு என் வாத்தியார் சொன்ன விளக்கத்தைவிட இது மேல் என்று நினைக்கிறேன். தனம்மாள் வீட்டு வெள்ளிக்கிழமைக்கும் இதுதான் பொருள். ஒளிந்துகொள்ள இடமில்லாத சங்கீதம். வாசிப்பவருக்கும் சரி, கேட்பவருக்கும் சரி.

மறு வாரம் அவர் பெட்டியை இறக்கினார். வில்லின் குதிரை முடியைப் பூச்சி அரித்திருந்தது. புதிதாக முடி போட்டுக்கொண்டு வந்து, ராத்திரி எட்டு மணிக்கு மேல் கொஞ்ச நேரம் வாசிப்பார். மெட்டு எதுவும் இருக்காது, நடுப்பாதை மட்டும். மீதி மூன்றும் அவர் காதுக்குள் கேட்டிருக்கும். சுவருக்கு இந்தப் பக்கம் நாங்கள் டி.வி. சத்தத்தைக் குறைத்துவைப்போம். அவர் போய் வருஷங்கள் ஆகின்றன.

பெரிய விஷயங்கள் நடக்காமல் இல்லை. 2005-ல் திருவாசகம் புடாபெஸ்ட் இசைக்குழுவோடு வந்தது. 2025 மார்ச் 8 அன்று லண்டனில் ராயல் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழு இளையராஜாவின் சிம்பனியை வாசித்தது. பெருமைதான். ஆனால் அந்தப் பெருமை வந்த வழியில் நம் தெருக்களில் பெட்டி தூக்கிக்கொண்டு போனவர்கள் இருந்தார்கள். ஒரு குழுவின் முப்பது வருஷம் என்றால் அவர்களுடைய முப்பது வருஷமும்தான்.

மயிலாப்பூரிலோ, மாம்பலத்திலோ, அடையாறிலோ உங்கள் தெருவிலும் இப்படி ஒருவர் இருப்பார், அல்லது இருந்திருப்பார். இருந்தால் போய்ப் பேசுங்கள். எந்தப் படத்தில், யாரோடு, எந்த ஸ்டூடியோவில் வாசித்தார் என்று கேட்டு எழுதி வையுங்கள். டைட்டிலில் இல்லாததை நாமாவது எழுதுவோம். இந்த சீசனில் பெரிய ஹால் கச்சேரிகளுக்கு நடுவே, சின்ன ஹாலில் நடக்கும் ஏதாவது ஒன்றுக்கும் போய், முன்வரிசையில் உட்காருங்கள். நான் அந்தத் துண்டுத் தாளைக் கட்டுக்குள் திரும்ப வைக்கவில்லை. மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன்.