மணித்தியாலத்துக்கு நூறு: ஒரு திரையின் வரலாறு

எங்கட பட்ச்சில் படிக்கிற தோழி ஒருத்தியின் அக்கா ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்கிறார். போன விடுமுறையில் நாங்கள் நாலு பேர் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தோம். தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது, அவர் வேலை செய்கிற லைனுக்கு மேலே தொங்கும் திரையைப் பற்றிக் கதை வந்தது. இந்த மணித்தியாலத்தின் இலக்கு எவ்வளவு, தைத்து முடிந்தது எவ்வளவு, எத்தனை வீதம் பின்னுக்கு நிற்கிறீர்கள் என்று அந்தத் திரை காட்டிக்கொண்டே இருக்குமாம். "முந்தி சுப்பவைசர் போர்ட்டில சோக்கால எழுதுவா. பிந்தினா அவவோட கதைக்கலாம். இப்ப ஸ்கிரீன். அதோட என்னத்தக் கதைக்கிறது?" என்றார் அக்கா.

அந்தக் கேள்வி எங்களோடேயே கம்பசுக்கு வந்துவிட்டது. நாங்கள் கலைப்பீட மாணவர்கள். பொறியியல் எங்களுக்குத் தெரியாது. ஆனால் ஒரு எண் திரையில் வந்து நிற்கிறது என்றால், அதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கத்தான் வேண்டும் என்பது தெரியும். அதைத் தேடிப் படித்ததில் விளங்கியதை இங்கே பகிர்கிறோம்.

முதலில் அந்த எண் எப்படிப் பிறக்கிறது என்று பார்ப்போம். ஒரு சட்டையைத் தைக்க எல்லா வேலைகளையும் கூட்டினால் 18 நிமிடம் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். லைனில் 30 பேர். 30 பேரின் ஒரு மணித்தியாலம் என்பது 1800 நிமிடம். அதை 18 ஆல் பிரித்தால் 100. ஆக, மணித்தியாலத்துக்கு நூறு சட்டை. ஆளுக்கு 36 செக்கன். கணக்கில் பிழையில்லை. ஆனால் அந்த நூறுக்குள் நூல் அறுவதில்லை, ஊசி உடைவதில்லை, துணி பிந்தி வருவதில்லை, ஒருவரும் தண்ணீர் குடிக்கப் போவதில்லை. எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று எங்கோ ஒரு மனிதர் முடிவெடுத்திருக்கிறார். மென்பொருள் அந்த முடிவைத் திரும்பத் திரும்பச் சொல்கிறது, அவ்வளவுதான்.

இந்தக் கதையைப் பலரும் தொடங்குகிற இடம் ஐக்கிய அமெரிக்காவின் ஹைலண்ட் பார்க். 1913 ஏப்ரலில் ஹென்றி ஃபோர்டின் தொழிற்சாலையில் மாக்னெட்டோ என்ற மின்பொறிப் பாகத்தைப் பூட்டுகிற வேலையைப் பிரித்துப் பார்த்தார்கள். அதுவரை ஒரு தொழிலாளி ஒன்றை முழுதாகப் பூட்ட ஏறத்தாழ 20 நிமிடம். வேலையை 29 பேருக்குப் பங்கிட்டு, பாகத்தைக் கைக்குக் கை நகர்த்தியதும் அது 13 நிமிடம் 10 செக்கனாகக் குறைந்தது. பிறகு 5 நிமிடத்துக்கு வந்தது. காரின் அடிச்சட்டத்தைப் பூட்ட 12 மணித்தியாலத்துக்கு மேல் போய்க்கொண்டிருந்தது. நகரும் வரிசை வந்து சில மாதங்களில் 1 மணித்தியாலம் 33 நிமிடமானது.

பாடப்புத்தகங்கள் இதோடு நிறுத்திவிடும். அதே 1913 இல் ஃபோர்டில் ஆட்கள் வேலையை விட்டுப்போன வீதம் 370. அதாவது இருக்கிற வேலையிடங்களைப் போல மூன்றரை மடங்குக்கும் மேலான ஆட்கள் ஒரே வருடத்தில் வந்து வந்து போயிருக்கிறார்கள். முன்பு கைவேலைக்காரரின் கையில் இருந்த வேகம் இப்போது வரிசையின் கையில். அதைத் தாங்க முடியாதவர்கள் கதைத்துப் பார்க்கவில்லை, போய்விட்டார்கள். 1914 ஜனவரியில் ஃபோர்ட் அறிவித்த பெயர்பெற்ற '5 டொலர் நாட்கூலி'யை இந்தப் பின்னணியில்தான் வாசிக்க வேண்டும். அந்தக் கூலியை வாங்கத் தகுதியானவர்களா என்று பார்க்கத் தொழிலாளரின் வீடுகளுக்கே ஆட்களை அனுப்பினார்கள் என்பதும் அதே வரலாறுதான்.

வரிசை ஓடத் தொடங்கியதும் அடுத்த கேள்வி வந்தது: எதை எப்போது ஓட்டுவது? போலந்துப் பொறியியலாளர் கரோல் அடாமியெட்ஸ்கி 1890களிலேயே வேலைகளை நேரத்தோடு கோடுகளாகக் காட்டும் ஒரு படம் வரைந்திருந்தார். அமெரிக்காவில் ஹென்றி கான்ட் 1910களில் வரைந்த படம்தான் உலகம் முழுக்கப் பரவியது. இன்றைக்கும் திட்டமிடல் மென்பொருளைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது அந்தக் கான்ட் படம்தான்.

கடதாசியில் வரைவது லேசு. கணக்கு லேசில்லை. பத்து வகை ஓடர்களை எந்த ஒழுங்கில் ஓட்டுவது என்பதற்கு 36,28,800 வழிகள் உண்டு. 1954 இல் எஸ்.எம். ஜோன்சன் என்ற அமெரிக்கக் கணிதவியலாளர், இரண்டே இரண்டு இயந்திரங்கள் அடுத்தடுத்து இருந்தால் மிகக் குறைந்த நேரத்தில் முடிக்கும் ஒழுங்கைக் காண ஓர் எளிய விதியைத் தந்தார். மூன்றாவது இயந்திரம் வந்ததும் அந்த எளிமை போய்விடுகிறது. 1976 இல் வெளியான ஆய்வொன்று, இது கணினிக்கும் மிகக் கடினமான கணக்குகளின் வகையைச் சேர்ந்தது என்று நிறுவியது. ஆகவே பெரிய தொழிற்சாலையில் மென்பொருள் தருவது பெரும்பாலும் 'மிகச் சிறந்த' திட்டமல்ல. ஓரளவுக்கு நல்ல திட்டம். திரையில் அது தெரியாது. எண் என்று வந்துவிட்டால் எல்லாம் உறுதியானதாகத் தோன்றும்.

1960களின் தொடக்கத்தில் ஜோசப் ஓர்லிக்கி போன்றவர்கள் இந்த வேலையைக் கணினியிடம் கொடுத்தார்கள். ஒரு உழவு இயந்திரம் வேண்டுமென்றால் எத்தனை சில்லு, எத்தனை ஆணி, ஒவ்வொன்றையும் எப்போது ஓடர் பண்ண வேண்டும் என்று முடிவுத் திகதியிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுவது இதன் அடிப்படை. ஓர்லிக்கி 1975 இல் இதை நூலாகவும் எழுதினார். ஆனால் இந்த முறை பொருட்களைத்தான் எண்ணியது. இயந்திரத்துக்கும் ஆளுக்கும் ஒரு நாளில் எவ்வளவு முடியும் என்பதை அது முதலில் கேட்கவில்லை. முடியாத திட்டத்தையும் அழகாக அச்சடித்துத் தரும்.

அந்த ஓட்டையைத் தொட்டவர் இஸ்ரேலிய இயற்பியலாளர் எலியாஹு கோல்ட்ராட். 1970களில் கோழிக்கூடு செய்யும் தொழிற்சாலை ஒன்றுக்கு உதவப்போய், பிறகு திட்டமிடல் மென்பொருளையே விற்கத் தொடங்கினார். அவர் சொன்னது எங்கட சட்டைக் கணக்கிலேயே தெரியும். எல்லாரும் 36 செக்கனில் முடிக்கிறார்கள். கொலர் பூட்டுகிறவருக்கு மட்டும் 50 செக்கன் வேண்டும். அப்போது அந்த லைன் மணித்தியாலத்துக்கு 72 சட்டைக்கு மேல் தராது. மற்ற 29 பேரையும் எவ்வளவு விரட்டினாலும் கொலர் மேசைக்கு முன்னால் துணிதான் குவியும். கோல்ட்ராட் 1984 இல் இதை ஒரு நாவலாகவே எழுதினார். 'தி கோல்' என்பது அதன் பெயர். வேடிக்கை என்னவென்றால், அவர் விற்ற மென்பொருளின் உள்கணக்கை வாங்கியவர்களுக்குக்கூடக் காட்டவில்லை. திரையோடு கதைக்க முடியாத பிரச்சினை அக்காவோடு தொடங்கியதல்ல.

இதற்கிடையில் ஜப்பான் வேறு வழியில் போனது. 1924 இல் சக்கிச்சி டொயோடா செய்த தானியங்கித் தறி நூல் அறுந்தால் தானாக நின்றுவிடும். அந்தக் குடும்பம் தொடங்கிய கார் கம்பனியில் தாயிச்சி ஓனோ இதை மனிதர்களுக்கும் கொண்டுவந்தார். பிழை கண்டால் தொழிலாளி கயிற்றை இழுக்கலாம். உடனே தீர்க்க முடியாவிட்டால் வரிசையே நிற்கும். எவ்வளவு செய்வது என்பதையும் மேலிருந்து தள்ளவில்லை. அமெரிக்க சுப்பர் மார்க்கெட்டில் எடுத்த அளவுக்கே தட்டை நிரப்புவதுபோல, அடுத்த மேசை எடுத்த அளவுக்கே முன்மேசை செய்யும். அதைச் சொல்லும் சிறு அட்டைதான் கன்பான். வரிசையின் வேகத்துக்கு அவர்கள் வைத்த பெயர் 'டக்ட்'. ஜெர்மன் மொழியில் அது இசையின் தாளம். வேலை நேரத்தை வாடிக்கையாளர் கேட்கும் எண்ணிக்கையால் பிரித்தால் அந்தத் தாளம் கிடைக்கும்.

இதைச் சொர்க்கம் என்று நாங்கள் சொல்லவரவில்லை. சதோஷி கமாட்டா என்ற பத்திரிகையாளர் 1972 இல் டொயோட்டாவில் தற்காலிகத் தொழிலாளியாகச் சேர்ந்து வேலை செய்தார். அடுத்த வருடம் அவர் எழுதிய நூல், அந்தத் தாளத்தின் கீழ் உடம்பு எப்படிச் சோர்ந்துபோகிறது என்பதன் சாட்சியம். கயிறு தொங்குவது வேறு, அதை இழுக்கத் துணிவு வருவது வேறு.

அட்டைகளும் காலப்போக்கில் கணினிக்குள் போயின. 2023 ஓகஸ்ட் 29 அன்று ஜப்பானில் டொயோட்டாவின் 14 கார்த் தொழிற்சாலைகளும் நின்றுபோயின. யாரும் கயிற்றை இழுக்கவில்லை. இரண்டு நாட்களுக்கு முன் நடந்த வழமையான பராமரிப்பில் சேர்வரின் டிஸ்கில் இடம் போதாமல் போய்விட்டது. மாற்று ஏற்பாடும் அதே அமைப்பில் இருந்ததால் அதுவும் கைகொடுக்கவில்லை. உதிரிப்பாகங்களுக்கு ஓடர் போகவில்லை, கார்கள் நின்றன. தொழிலாளர்கள் இருந்தார்கள், இயந்திரங்கள் இருந்தன. அடுத்தது என்ன செய்வது என்ற அறிவு மட்டும் அவர்களிடம் இருக்கவில்லை. அது வேறெங்கோ நிரம்பிப்போன ஒரு டிஸ்கில் இருந்தது. 110 வருடத்தில் வேலையின் அறிவு கையிலிருந்து எவ்வளவு தூரம் நகர்ந்துவிட்டது என்பதை எங்களுக்குக் காட்டியது அந்த நாள்தான்.

1978 இல் கட்டுநாயக்காவில் முதலாவது சுதந்திர வர்த்தக வலயம் திறந்தபோது இலங்கையும் இந்தக் கதைக்குள் முழுதாக வந்தது. இன்று எங்கட ஊர்ப் பிள்ளைகளும் அந்த லைன்களில் இருக்கிறார்கள். ஃபோர்டின் நகரும் வரிசையும், கான்டின் கோடுகளும், ஓனோவின் தாளமும் ஒன்றாகச் சேர்ந்துதான் அக்காவின் தலைக்கு மேல் தொங்குகின்றன.

நாங்கள் மென்பொருளுக்கு எதிரானவர்கள் அல்லர். கொலர் மேசையில் துணி குவிகிறது என்று நேரத்துக்குச் சொல்லும் திரை, அந்த மேசையில் இருப்பவருக்குத் திட்டு விழாமல் இன்னொரு ஆளைத் துணைக்குப் போடவும் உதவலாம். எதற்கு உதவுகிறது என்பது அந்த 18 நிமிடத்தை யார் அளந்தார்கள், அதில் எதை விட்டார்கள், பிழை என்றால் யாரிடம் சொல்வது என்பதில் தங்கியிருக்கிறது. இந்த மூன்றையும் கேட்கிற உரிமை லைனில் இருப்பவருக்கு வேண்டும்.

இதையெல்லாம் எழுதிமுடித்துவிட்டு அக்காவுக்கு ஃபோன் பண்ணி, அந்த நூறு எப்படி வருகிறது என்று கணக்கைச் சொன்னோம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு கேட்டார்: "அப்ப என்ர கையை அளக்கேக்க, ஏன் என்னட்ட ஒண்டும் கேக்கேல்ல?"