கூட்டு வட்டியும் இணைய நெரிசலும்

1986 அக்டோபர். கலிபோர்னியாவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் நடுவே தூரம் வெறும் 400 கஜம். வினாடிக்கு 32 கிலோபிட் ஓடிக்கொண்டிருந்த இணைப்பு திடீரென்று 40 பிட்டுக்கு விழுந்தது. (அச்சுப்பிழை இல்லை, 40 பிட்டேதான். அதாவது வினாடிக்கு ஐந்து எழுத்து!) தொலைந்த பாக்கெட்டுகளை ஆளாளுக்குத் திரும்பத் திரும்ப அனுப்பியதில் நெரிசல் இன்னும் இறுகிவிட்டது.

வான் ஜேக்கப்சனும் மைக்கேல் கேரல்ஸும் 1988இல் சொன்ன வைத்தியம் எளிது. பாக்கெட் போய்ப் பதில் வருவது ஒரு சுற்று. சுற்றுக்கு ஒரு பாக்கெட் கூட்டு, தொலைந்தால் பாதியாக்கு. ஒரே சுற்று நேரம் உள்ளவர்களின் பங்கு இப்படிச் செய்தால் மெல்லச் சமமாகிவிடும் என்று 1989இல் டா-மிங் சியூவும் ராஜ் ஜெயினும் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். காவலுக்கு யாரும் கிடையாது. ஒவ்வொரு கணினியும் தானே அடங்கிப்போக வேண்டும், அவ்வளவுதான்.

வேகம் 10 கிகாபிட்டைத் தொட்டதும் சிக்கல் வந்தது. சாலி ஃப்ளாய்ட் 2003இல் போட்ட கணக்கு இது: சுற்றுக்கு 100 மில்லிவினாடி என்றால், குழாயை நிரப்ப 83,333 பாக்கெட்டுகள் வழியில் இருக்க வேண்டும். ஒருமுறை பாதியானால், ஒவ்வொன்றாகக் கூட்டிப் பழைய நிலைக்கு வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும்!

அதே ஆண்டில் டாம் கெல்லி முன்வைத்த முறையில் ஒன்று ஒன்றாகக் கூட்டுவது கிடையாது, சதவீதத்தில் கூட்டுவதுதான். வேகம் கிடைத்தது. ஆனால் இது கூட்டு வட்டி அல்லவா? அதிகம் வைத்திருப்பவருக்கு அதிகம் சேரும். குறைப்பதும் சதவீதத்தில்தான் என்பதால் இடைவெளி மூடுவதே இல்லை. பக்கத்தில் இருப்பவருக்குச் சுற்று சின்னது. வட்டியும் அடிக்கடி விழும். தூரத்தில் இருப்பவர் பாடு திண்டாட்டம்.

வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இன்ஜாங் ரீ குழுவினர் உருவாக்கிய க்யூபிக், சுற்றுகளை எண்ணுவதை விட்டுக் கடிகாரத்தைப் பார்த்தது. கடைசியாகப் பாக்கெட் தொலைந்து எத்தனை நேரம் ஆயிற்று என்பதை வைத்தே வேகம் கூடும். தூரத்துக்காரருக்கும் அருகிலிருப்பவருக்கும் வினாடி ஒன்றுதானே! 2006இல் லினக்ஸ் இதையே இயல்பான முறையாக ஏற்றது.

2007இல் பாப் பிரிஸ்கோ வேறொரு கேள்வி எழுப்பினார்: யாருக்கும் யாருக்கும் சமம்? பங்கு இணைப்புக்குத்தான், ஆளுக்கு இல்லை. பத்து இணைப்பு திறக்கும் டவுன்லோட் மேனேஜருக்குப் பத்துப் பங்கு. க்யூபிக்கின் கடிகாரத்துக்கு இது தெரியாது.